எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டபோது

...ஏன் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், என்ன ஆயிற்று, திரையில் அந்த அமெரிக்க இளைஞன் தானே கட்டிய ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான், அவனுடைய அம்மா முகத்தைச் சுளித்துக் காதை மூடினாள், மேசைக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது, சரி, அது படம், படத்தில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள், ஆனால் இங்கே, தியேட்டருக்குள், முன்வரிசைச் சீனப் பெரியவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு காதையும் மூடுகிறார், இடது பக்கம் மனைவி சந்திரமதி ஏன் தோளைத் தூக்கிக்கொண்டு, "யம்மா, பல்லு கூசுது" என்று சிரிக்கிறாள், வலது பக்கம் ரவூப் ஏன் நெளிகிறான்... சேதுபதி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் கரகரப்பு கேட்டது, அம்மாக்காரி திட்டுவது கேட்டது, நாய் குரைப்பது கேட்டது, தியேட்டர் மொத்தமும் சிரிப்பது நன்றாகவே கேட்டது. எது எல்லோருடைய பல்லையும் கூச வைத்ததோ அது மட்டும் கேட்கவில்லை. பிறகு, மற்றவர்கள் கையை எடுக்கத் தொடங்கிய சமயத்தில், அவனும் காதைப் பொத்திக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தேன், யாருக்காக, இந்த இருட்டில் என்னை யார் பார்க்கிறார்கள்?

ஒருவேளை இந்தப் பக்கத்து ஸ்பீக்கர் கெட்டுப்போயிருக்கும். அப்படியானால் ரவூப்புக்கும் கேட்டிருக்கக் கூடாதே, அவன் எனக்கு வலது பக்கம்தானே இருக்கிறான்... சேதுபதி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காதருகே கொண்டுபோய் உரசிப் பார்த்தான், தோல் தோலோடு உரசுகிற உணர்வு இருந்தது, சத்தம் இல்லை, இடது காதில் வைத்து உரசினான், இல்லை, நகத்தால் சுண்டினான், தொலைவில் எங்கோ மண்ணில் ஏதோ விழுந்தது போல ஒன்று. சந்திரமதி அவன் மடியில் இருந்த கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்துக்குள் கையை விட்டாள். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரிந்து, மறுபடி இறங்கி ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததைத் திரை வெளிச்சத்தில் பார்த்தான். பார்த்தான், பார்த்ததோடு சரி. நான் மருத்துவமனையில் கிடந்த காலத்தில் இவள் இளைத்துவிட்டாள், அதனால்தான் வளையல் முன்போல் சத்தம் போடுவதில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன், கை இளைத்தால் வளையல் இன்னும் அதிகமாக அல்லவா ஆட வேண்டும், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? படம் தொடங்கியதிலிருந்தே இவர்கள் பேசுவது கொழகொழவென்று இருக்கிறது, சொற்களில் ஓரமே இல்லை, அமெரிக்கர்கள் இப்படித்தான் மென்று பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அந்த இரைச்சல், காதுக்குள் சன்னமாக, நிற்காமல்... அது தியேட்டரின் ஏர்கான் மெஷின். சரி, அப்படியானால் வீட்டில்? வீட்டில் என்ன மெஷின் இருக்கிறது?

படம் பார்க்க வந்ததே வேலைக்காகத்தான். வானொலியின் வெள்ளிக்கிழமை மெல்லிசை நிகழ்ச்சிக்கு இராஜரத்தினம் மாஸ்டர்தான் இசைப் பொறுப்பு, இந்தப் படத்தின் கடைசிப் பாட்டைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, ரேடியோ புதிதாக வந்த காலத்தில் ஒரு சின்ன ஊர்க் கடைக்காரப் பெண் மைக் முன்னால் நின்று பாட, நடுக்கடலில் போகிற கப்பல்காரர்கள் எல்லாம் அதைக் கேட்டு அழுகிறார்களாம், அந்த மெட்டுக்குத் தமிழில் சொற்கள் போட்டு ஒலிபரப்ப வேண்டும் என்று மாஸ்டருக்கு ஆசை. இசைத்தட்டு இன்னும் கடைக்கு வரவில்லை. "அதுக்கென்ன, சேதுபதியை அனுப்புவம், அவர் ஒருக்காக் கேட்டால் போதும்" என்றாராம் மாஸ்டர். ஒருமுறை கேட்டால் போதும். அதுதான் அவனுடைய பெயர். வேறு வயலின்காரர்கள் விரல் வேகத்துக்குப் பெயர் வாங்கியிருந்தார்கள், அவன் காதுக்கு வாங்கியிருந்தான். பல மாதம் படுக்கையில் கிடந்து திரும்பி வந்தவனுக்கு, இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார் மாஸ்டர், ஏன் வைத்திருந்தார், அந்தக் காதுக்காகத்தானே. போன வாரம்கூட, "மேலே போகேக்க சுருதி கொஞ்சம் விலகுது, தம்பி" என்றார், மழைக்காலம் மாஸ்டர், தந்தி இழுக்குது என்று சொன்னேன், அவரும் தலையாட்டினார். அது மழையில்லையா? தந்தியில்லையா? இதை நினைக்காதே. பாட்டைக் கவனி. கவனிக்கத்தானே வந்தாய்.

ஆனால் நெய்னா முகம்மதுவின் முகம் வந்து நின்றது. காசநோய் வார்டில் பக்கத்துக் கட்டில், தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர், எந்நேரமும் பேச்சு, எந்நேரமும் சிரிப்பு. ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, தூரத்துல யாரோ சீட்டி அடிச்சுக்கிட்டே இருக்காங்களே, ஒனக்குக் கேக்குதா?" என்றார். சில வாரங்கள் கழித்து நல்ல மழை, வார்டின் தகரக் கூரை இடிந்து விழுவது போல அடித்துக்கொண்டிருந்தது, அவர் சன்னலைப் பார்த்துவிட்டு, "மழையா பெய்யுது?" என்று கத்தினார், அவர் கத்தியது அவருக்கே தெரியவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார், நெய்னா முகம்மது டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊசிதான் காரணம் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஊசியை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட ஜொகூர் வாத்தியாருடைய கட்டில் ஒருநாள் காலியாயிற்று, விரிப்பை மாற்றினார்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு சிஸ்டர் மங்களம் ஒவ்வொரு முறையும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா? உண்மையச் சொல்லணும்" என்று கேட்பார், அவன், "இல்ல சிஸ்டர்" என்பான். அப்போது உண்மையிலேயே இல்லையா, அல்லது இருந்ததா, இருந்ததென்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே என்ற பயம், அந்த விரிப்பின் பயம்... இப்போது வீட்டிலிருந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறான். நாளைக் காலை அடுத்த ஊசி. நாளை சிஸ்டர் கேட்பார். என்ன சொல்வது?

கடைசிப் பாட்டு வந்துவிட்டது. வட்டத் தகட்டு மைக் ஒன்று நாலு பக்கமும் ஸ்பிரிங்கில் தொங்க, அதன் முன்னால் அந்தப் பெண், கன்னத்தில் ஒரு மச்சம், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, பாடத் தொடங்கினாள். நல்ல கீழ்க்குரல். ஒவ்வொரு ஸ்வரமும் அவனுக்கு வந்து சேர்ந்தது, சங்கராபரணத்தில் தொடங்கி நடுவில் ஒரு அந்நிய ஸ்வரத்தைத் தொட்டு, தொட்டது தெரியாமல் திரும்பிவிடுகிற மெட்டு, அவன் விரல்கள் முழங்கால் மேல் தாமாக அதை வாசித்தன, கேட்கிறதே, எல்லாம் கேட்கிறதே, நான்தான் வீணாக... பின்னால் திரை விலகியது, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வயலின்கள், எத்தனை வயலின்கள், எல்லா வில்லும் ஒன்றாக ஏறின. முதலில் தேன் மாதிரி ஒரு சத்தம், பிறகு அவர்களுடைய இடது கைகள் மேலே மேலே நகர நகர அந்தச் சத்தம் கம்பளியைச் சுற்றியது போல மங்கிற்று, இன்னும் மேலே போயின, வில்கள் அசைந்துகொண்டிருந்தன, விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன, அவனுக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பெண் பாடி முடித்து வாயை மூடினாள். வரிசையின் கோடியிலிருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஒரு முழம்கூட இல்லாத கறுப்புக் குழலை உதட்டில் வைத்து, கன்னத்தை இறுக்கிக்கொண்டு ஊதினார், கேமரா அவரிடமே போயிற்று, அவருடைய புருவம் ஏறி இறங்கிற்று, விரல்கள் சிட்டுக்குருவி கொத்துவது போல ஆடின. தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்திரமதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சேதுபதி மட்டும், சத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலை மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ரவூப் தபலாக்காரன், எதையாவது தட்டாமல் நிற்கத் தெரியாது, சுவரில் ஒட்டியிருந்த படத்தின் விளம்பரத்தைத் தட்டிக்கொண்டே, "பிடிச்சிட்டீங்களா அண்ணே?" என்றான்.

"பிடிச்சிட்டேன்."

"கடைசில அந்தச் சின்னக் குழல் வருது பாருங்க, பாட்டுக்கு உயிரே அதுதான் லா. மாஸ்டர் அத வயலின்லயே வாசிக்கச் சொல்லப் போறாரு. அதையும் பிடிச்சீங்கதானே?"

"ம்."

"நீங்க பிடிக்காம வேற யாரு. சரி, நான் அரபு ஸ்திரீட் போயி தபலாவ எடுத்துக்கிட்டு நேரா மாஸ்டர் வீட்டுக்கு வந்துடுறேன்." சந்திரமதியைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினான். அவனிடம் சொல்லியிருக்கலாம், ஒரு தடவை பாடிக் காட்டு என்றாவது கேட்டிருக்கலாம், ஆனால் 'ம்' என்று சொல்லிவிட்டேன், சிஸ்டர் மங்களத்துக்கு 'இல்ல' என்றது போல, அதே வேகத்தில், இந்தப் பொய் மட்டும் எப்படி இவ்வளவு தயாராக வாயில் வந்து நிற்கிறது?

மாஸ்டர் வீட்டுக்குப் போகும் காத்தோங் பஸ்ஸில் சன்னல் ஓர இடம் கிடைத்தது. சந்திரமதி தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், மூன்றாம் வகுப்பு, யாரோ யாருடைய சிலேட்டையோ உடைத்துவிட்டார்கள், அவன் அவளுடைய உதடுகளைப் பார்த்தான், கேட்கிறது, அவள் பேசுவது கேட்கிறது, ஆனால் நான் ஏன் உதட்டைப் பார்க்கிறேன், எப்போதிலிருந்து பார்க்கிறேன், நெய்னா முகம்மதுவும் இப்படித்தான் முதலில்... கண்டக்டர் பக்கத்தில் வந்து டிக்கெட்டைக் கிழித்தான், காகிதம் இரண்டாகப் பிரிந்தது, சத்தமில்லை. இருமல் வருமோ என்று பயந்தான், பஸ்ஸில் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"மதி, அந்தக் குழல் எப்படிப் போச்சு?"

"எந்தக் குழல்?"

"கடைசில வந்துச்சே. வழுக்கைத் தலக்காரரு ஊதுனாரே."

அவள் சிரித்தாள். "பாட்டுக்காரரு நீங்களா நானா?"

"எனக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

"அந்தக் குழல் கேக்கல. முன்னாடி எல்லாரும் காதப் பொத்துனீங்களே, அதுவும் கேக்கல. ஒன் வளையலும் கேக்கல."

அவள் கையை அவன் காதருகே கொண்டுவந்து ஆட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினாள். எதிர் சீட்டில் இருந்த மலாய்க்காரம்மா குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு பார்த்தாள். சந்திரமதி கையை இறக்கி, இன்னொரு கையால் வளையல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அவை இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன போலிருக்கிறது.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. அதான் பயமா இருக்கு."

"ஊசியா?"

"ஊசிதான்."

"சிஸ்டர் கேக்கலையா?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

அவள் முகம் சிவந்தது, கத்தப் போகிறாள் என்று நினைத்தான், கத்தினால்கூட நன்றாக இருக்கும், ஆனால் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "நெஞ்சுல இன்னும் நெழல் இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றாள்.

"ம்."

"அப்ப ஊசிய விட முடியாது." சொல்லி முடித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நானும் வர்றேங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு சொல்லிக்கிறேன். ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுவோம். மாத்திரை, வேற மருந்து, ஏதாச்சும் இருக்கும்."

"இல்லாட்டி?"

அவள் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது கேட்கவில்லை, இல்லை, உதடு அசையவில்லை, சொல்லவில்லை. காலாங் பாலத்தில் பஸ் குலுங்கி ஏறியது. எவ்வளவு சீக்கிரம் முடிவு செய்துவிட்டாள்... அவள்மேல் கோபம் வரவில்லை. இவள் கட்டிலில் கிடந்து நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், யோசித்திருக்கக்கூட மாட்டேன். எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொள்வேன், காது போனாலும் மூச்சு இருக்கும், ஆனால் மூச்சு இருந்து நான் என்ன செய்வேன், நெய்னா முகம்மதுவுக்கு வெற்றிலை அடுக்கக் காது வேண்டியதில்லை. இதைவிடவும் பயமாக ஒன்று இருந்தது. போன சத்தங்கள் எதுவும் சொல்லிக்கொண்டு போகவில்லை. வீட்டுப் பின்புறம் சிட்டுக்குருவிகளைக் கடைசியாக எப்போது கேட்டேன், தாளிக்கிறபோது கடுகு வெடிப்பதை எப்போது கேட்டேன், அது கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் நின்று கேட்டிருப்பேனே, இப்போது இந்த பஸ்ஸில், இந்த நிமிஷம், எது போய்க்கொண்டிருக்கிறது? இல்லாதது எப்படிக் காதில் விழும், இல்லையென்று எப்படித் தெரியும்?

சந்திரமதி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதோரம் குனிந்தாள். பாடத் தெரியாதவள், கோயில் பஜனையில்கூட வாயை மட்டும் அசைப்பவள், இப்போது அந்தக் குழல் ஊதியதைத் தன் தடித்த குரலில், கீழ் ஸ்தாயியில், தட்டுத் தடுமாறி முனகிக் காட்டினாள். சுருதி எங்கோ போனது. ஒரு இடத்தில் சறுக்கி நின்று, "இல்ல, இப்பிடி இல்ல, இங்க ரெண்டு தடவ குதிக்கும்" என்று மறுபடி தொடங்கினாள்.

"இன்னொரு தடவ" என்றான்.

அவள் பாடினாள். கேலாங் தாண்டும் வரை பாடிக்கொண்டே வந்தாள். அவளுடைய தவறுகளுக்கு அடியில் அந்த மெட்டு எங்கே இருக்கும் என்று அவன் தேடிக்கொண்டே வந்தான், இங்கே பஞ்சமம் இருக்க வேண்டும், இங்கே நிஷாதத்தை வெறுமனே உரசிவிட்டுப் போக வேண்டும், அப்படித்தான் இருக்க முடியும், இருக்குமா?

மாஸ்டரின் வீடு பிள்ளையார் கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. ரவூப் அதற்குள் வந்து தபலாவின் சுருதியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான், அவன் டாக்சி பிடித்திருக்க வேண்டும். "வாரும், வாரும் சேதுபதி" என்றார் இராஜரத்தினம் மாஸ்டர், பருத்த உடம்பு, கழுத்தில் துண்டு, "பிள்ளை, நீரும் இரும், தேத்தண்ணி வருது. என்ன, பாட்டுப் பிடிபட்டுதோ?"

சந்திரமதி அவனைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம், மாஸ்டர் நல்லவர், இடத்தை வைத்திருந்தவர், ஆனால் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார், பாவம் என்பார், பாவம் என்று சொல்லி மெதுவாக, மிக மரியாதையாக, வேறு ஒருவரை... "பிடிச்சிருக்கேன் மாஸ்டர்" என்று அங்கிருந்த வயலினை எடுத்தான்.

அந்தப் பெண்ணின் பாட்டுப் பகுதி வழுக்கிக்கொண்டு வந்தது. மாஸ்டர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். ரவூப் இரண்டாம் சுற்றில் சேர்ந்துகொண்டான். பிறகு அந்த இடம் வந்தது. சேதுபதியின் இடது கை கழுத்துப்பலகையில் மேலே ஏறியது, இன்னும் மேலே, விரலுக்கும் விரலுக்கும் இடையே நெல்மணி அகலம்கூட இல்லாத இடம், சந்திரமதி முனகியதையும் தான் ஊகித்ததையும் சேர்த்துக் கட்டிய அந்த வரியை அங்கே வாசித்தான். அவனுக்கு வில்லின் மயிர் தந்தியில் உரசுவது மட்டும் கேட்டது, காய்ந்த மரத்தை யாரோ மெதுவாகச் சீவுவது போல. தாடையில் வயலின் நடுங்குவது தெரிந்தது, ஏதோ ஒலிக்கிறது, என் கையிலிருந்துதான் ஒலிக்கிறது, இந்த அறையில் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. அவன் தலையை நிமிர்த்தினான். ரவூப் சிரித்த முகமாக இருந்தான், ஆனால் அவன் எப்போதும் அப்படித்தான். சந்திரமதி வயலினைப் பார்க்கவில்லை, மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. மாஸ்டரின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது, விழுந்து மறைந்தது, மூடிய கண்கள் மூடியபடியே இருந்தன. அந்தக் கோடு எதற்கு? தப்புக்கா, அல்லது சிலர் நல்ல இடம் வரும்போது வலிப்பது போல முகத்தைச் சுருக்குவார்களே, அதற்கா? இத்தனை வருஷம் இவர் முன்னால் வாசித்திருக்கிறேன், நன்றாக இருந்தால் இவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லையே, நான் ஒருநாளும் பார்த்ததில்லையே, பார்க்க வேண்டியிருந்ததில்லை...

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த முடிவை இன்னொருக்கா வாசியும் பாப்பம்."

ஏன் இன்னொரு முறை? சரியாக இருந்ததாலா, சரியாக இல்லாததாலா? கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவார், நாக்கு நுனியில் கேள்வி வந்து நின்றது, ஆனால் அதை எந்த வார்த்தையில் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவன் யாரையும் அதைக் கேட்டதே இல்லை. அவன் வில்லைத் தூக்கினான், தந்தியைப் பார்க்காமல், மாஸ்டரின் முகத்தை, அந்த நெற்றியை, அந்தத் தடித்த உதடுகளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினான்.